ஒரு தேசி மரமும் ‘புரொப்பகேற்’ என்ற சொல்லும்

மேசையில் தேநீருக்கு வைத்த வெள்ளைத் தட்டு ஒன்று இருந்தது. அதில் பிஸ்கற் இல்லை. ஒரு தேசிக் கொப்பு, எலுமிச்சங் கிளை, கிடந்தது. இலைகளில் பழுப்பு நிறச் சொறி. காய்களிலும் அதே சொறி. தொட்டால் விரலில் சொரசொரத்தது.

வவுனியாவில் ஓர் உதவித் திட்டத்தின் அலுவலகம் அது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் எல்லோருக்கும் வேர்த்தது. மேசைக்கு ஒரு பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பயிர்நோய் நிபுணர். அவருக்குப் பக்கத்தில் திட்ட முகாமையாளர், நம்மூர்க்காரர். எதிரே, கதிரையின் நுனியில், பூவரசங்குளத்தில் கன்று வளர்த்து விற்கும் முத்துலெட்சுமி. நடுவில் நான், மொழிபெயர்ப்பாளர்.

நிபுணர் அந்தக் கொப்பைத் தூக்கிக் காட்டினார். ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். இதை நீங்கள்தான் ‘புரொப்பகேற்’ (propagate) பண்ணினீர்களா?

லெட்சுமி அவரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சொல்லைத் தமிழில் “இந்தக் கன்றைப் பெருக்கினது நீங்களா?” என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் லெட்சுமி தலையை நிமிர்த்தி ஓம் என்பார். “இதைப் பரப்பினது நீங்களா?” என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் அது குற்றச்சாட்டு. எதைக் கேட்டு எதற்கு ஓம் வாங்கினாலும், நிபுணரின் தாளில் விழப்போவது ஒரே ஒரு ஆங்கில ‘யெஸ்’. அந்த ‘யெஸ்’ஸோடு பூவரசங்குளத்து நாற்றுமேடை முழுவதற்கும் நெருப்பு வைக்கச் சொல்லி உத்தரவு வரும்.

ஓலைக் கூரை வகுப்பு

இந்தச் சொல்லை நான் முதலில் சந்தித்தது பௌதிகவியல் வகுப்பில்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். வயல் செய்தவர். நான் உயர்தரம் படிக்கிற காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் ஓலையால் வேய்ந்த ஒரு கொட்டிலில் வகுப்பு நடந்தது. கரண்ட் இல்லை. கூரை ஓட்டைகளால் வெயில் இறங்கி, நிலத்தில் சின்னச் சின்ன வட்டங்களாக விழும். அந்தக் கோடுகளில் தூசி மிதக்கும்.

மாஸ்டரிடம் ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம்தான் இருந்தது. ஒளி நேர்கோட்டில் ‘புரொப்பகேற்’ பண்ணும் என்று அதில் இருந்ததை வாசித்துவிட்டு, “ஒளி நேர்கோட்டில் செல்லும்” என்று எங்களுக்குச் சொன்னார். பிறகு கூரையைக் காட்டி, “படம் கீறத் தேவையில்லை, மேல பாருங்கோ” என்றார்.

அன்றைக்கு அது அழகான சொல். வெளிச்சம் தன்பாட்டில் நடந்து போகிற சொல்.

பிறகு ஒரு பள்ளிக்கூடச் சுவரில் அது வேறு முகம் காட்டியது. சண்டை முடிந்து பள்ளிக்கூடங்களைத் திருத்துகிற காலம். நான் ஆங்கில ஆசிரியை. கட்டடம் பார்க்க வந்த பொறியியலாளர் சுவரில் இருந்த வெடிப்பைத் தடவிப் பார்த்து, இது ‘புரொப்பகேற்’ ஆகிறது என்றார். அதிபர் என்னைப் பார்த்தார். “வெடிப்பு மேல ஏறிக்கொண்டு போகுதாம் சேர்” என்றேன். அவர் உடனே பிள்ளைகளை வெளியே எடுத்து, மரத்துக்குக் கீழே இருத்தினார்.

ஒரு காலைப் பொழுது முழுக்க

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு உதவியாக ஒரு விசாரணைக்குப் போனேன். ஒரு பொடியன் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தன் கூட்டாளிமாருக்கு வாசிக்கக் கொடுத்திருந்தான். விஷயம் அவ்வளவுதான். ஆங்கிலத் தாளில் ‘புரொப்பகேற்’ என்றிருந்தது. மூத்தவர் அதைப் “பிரசாரம் செய்தார்” என்று தமிழாக்கினார்.

பொடியனின் தாய் சுவரோடு நின்றவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அவனுடைய சட்டத்தரணி எழும்பி, கொடுத்தது வேறு, பரப்பியது வேறு, பிரசாரம் செய்தது வேறு என்று வாதாடத் தொடங்கினார். காலைப் பொழுது முழுக்க அந்த ஒரு சொல்லிலேயே போனது. கடைசியில் பொடியன் வீட்டுக்குப் போனான். தாய் வெளியே வந்து என்னிடம், “என்ன சொல் பிள்ளை அது, இவ்வளவு நேரம் இழுத்தவை?” என்று கேட்டார்.

அந்தச் சொல்லை அவருக்குச் சொல்லிக் காட்டினேன். அன்றைக்கு ஒன்று மனதில் பதிந்தது. சில சொற்களை எங்கள் வாயால் கடத்துவதற்கு முன், சொன்னவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும்.

லெட்சுமி யார்?

லெட்சுமியின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. அங்கே கலவரங்கள் நடந்த காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டு, வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவர் பேச்சில் இரண்டு ஊரும் இருக்கும். ஒரே வசனத்தில் “வந்தேங்க” என்றும் சொல்வார், “போனனான்” என்றும் சொல்வார். என்னை எல்லோரும் ‘ரீச்சர்’ என்று கூப்பிட, அவர் மட்டும் ‘டீச்சர்’ என்பார்.

கடைசிச் சண்டையில் கணவரை இழந்தார். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது வளவில் வீடும் இல்லை, மரமும் இல்லை. நிழலுக்குக்கூட ஒன்றுமில்லை என்று சொல்லுவார். எரிந்துபோன வளவின் மூலையில் ஒரு தேசி மரம் மட்டும் அடியிலிருந்து துளிர்த்திருந்தது.

அந்தத் துளிரை வளர்த்து, பிறகு அதில் அரும்பு எடுத்து வேறு கன்றுகளில் ஒட்டத் தொடங்கினார். ஒட்டுக் கட்ட நாடா இல்லை. பழைய சொப்பிங் பையைக் கீலங் கீலமாகக் கிழித்துக் கட்டினார். கன்று நடப் பை இல்லை. பால்மாப் பைகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கினார். ஒரு மழைக்காலத்துக்குள் அந்த ஊரில் பாதி வளவுகளில் தேசி நின்றது. அடுத்த மழைக்கு மாதுளையும் மாவும்.

நான் முதல்முறை போனபோது அங்கே கணவரில்லாத பெண்கள் பலர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வளவுப் பவானியும் அவர்களில் ஒருவர். எங்கள் குடும்பத்தைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்தவர்கள் அவர் வீட்டார். ஒரு காலத்தில் லெட்சுமியின் வீட்டில் தண்ணி குடிக்கத் தயங்கியவர்கள். இப்போது பவானி, “அவா இல்லாட்டி நான் வீட்டுக்குள்ளையே கிடந்து செத்திருப்பன்” என்று என்னிடம் நேரே சொன்னார்.

கைபேசியில் வந்த சொறி

முல்லைத்தீவில், வற்றாப்பளைப் பக்கத்து ஒரு கிராமத்தில், திட்டத்தால் கொடுத்த தேசி மரங்களில் சொறி விழுந்தது. கன்றுகள் லெட்சுமியுடையவை.

சொறி மரத்துக்கு மரம் போக நாளெடுத்தது. செய்திக்கு நாளெடுக்கவில்லை. சொறி பிடித்த காயின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்: “பூவரசங்குளத்து லெட்சுமியின்ர கன்றை ஒருத்தரும் நடாதேங்கோ, தோட்டமே அழிஞ்சுபோகும்.” கிளிநொச்சிக்குப் போவதற்குள் அது தேசியோடு நிற்கவில்லை. மாவும் அழியும், மாதுளையும் அழியும் என்றானது. மலையகத்து ஆட்களைப் பற்றிய பழைய இளக்காரப் பேச்சும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டது.

திட்டம் கன்று வாங்குவதை நிறுத்தியது. நிபுணரைக் கூப்பிட்டது. அப்படித்தான் அந்தக் கொப்பு தேநீர்த் தட்டுக்கு வந்தது.

நான் கேட்ட கேள்வி

முகாமையாளர் பேனையால் மேசையைத் தட்டினார். “ரீச்சர், சின்னக் கேள்விதானே. மொழிபெயருங்கோ.”

“ஒரு நிமிஷம்” என்றேன். பிறகு நிபுணரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஐயா, உங்கள் கேள்வியில் உள்ள சொல் தமிழில் இரண்டாகப் பிரியும். ஒன்று இவர் செய்கிற தொழில். மற்றது இவர்மேல் இருக்கிற பழி. இரண்டில் எதைக் கேட்கிறீர்கள்?

“இதென்ன, பள்ளிக்கூடமே?” முகாமையாளருக்கு முகம் சிவந்துவிட்டது. “உங்களைக் கூப்பிட்டது மொழிபெயர்க்க. நீங்கள் விளக்கம் கேக்க வரேல்லை.”

“கேக்காமல் மொழிபெயர்த்தால் அது என்ர பதிலாப் போயிடும் தம்பி. அவாவின்ர பதிலா இருக்காது.”

அந்த வேலை போனால் போகட்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். கொப்பைப் பார்த்தார், லெட்சுமியைப் பார்த்தார். தான் இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிட்டதைக் கவனிக்கவில்லை என்றார். முதலில் தொழிலைக் கேளுங்கள் என்றார்.

“லெட்சுமி, இந்தக் கன்றை ஒட்டி வளர்த்தது நீங்களா எண்டு கேக்கிறார்.”

“ஆமாங்க. நான்தான். கட்டு என் கைக்கட்டுதான்.” அவர் நிமிர்ந்து இருந்தார்.

“அடுத்தது, இந்த நோய் உங்கட தோட்டத்தில இருந்து பரவினதா எண்டு கேக்கிறார்.”

லெட்சுமி தட்டை இழுத்து, இலையைப் புரட்டிப் பார்த்தார். நேரமெடுத்தார். முகாமையாளர்கூட அவசரப்படுத்தவில்லை.

“தெரியலை டீச்சர். இல்லைன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனா பார்க்காமச் சொல்லக்கூடாது. அவரை வரச் சொல்லுங்க. என் தோட்டத்தில இருந்தா நானே எரிக்கிறேன்.”

நான் ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நிபுணர் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “போவோம்” என்றார்.

வாகனத்தில்

பூவரசங்குளம் போகிற வழியில் லெட்சுமி என் காதருகே குனிந்தார். “அந்தச் சொல்லை இன்னொருக்காச் சொல்லுங்க.”

சொன்னேன். முன்னால் இருந்த நிபுணருக்கும் அது கேட்டது. மலையகம் என்று முகாமையாளர் சொல்லியிருக்க வேண்டும், இவர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பமா என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் வீ.பி. தேயிலை தெரிந்திருக்குமே என்றார்.

“வீ.பி.யா?” லெட்சுமிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. “எங்கம்மா வீ.பி. நர்சரியிலதான் வேலை. தேயிலைத் தண்டை ஒரு இலையோட வெட்டிப் பையில குத்துவாங்க.”

அந்த இரண்டாவது எழுத்து இந்தச் சொல்லுக்குத்தான் என்று நிபுணர் விளக்கினார். விதை போடாமல், தண்டிலிருந்து பெருக்கிய தேயிலை.

“அப்ப எங்கம்மாவும் இந்த வேலைதான் செஞ்சிருக்காங்க” என்றார் லெட்சுமி. “வீ.பி.ன்னா ஒரு மலையோட பேருன்னு நினைச்சிருந்தேன்.”

தாய்மரம்

நிபுணர் வரிசை வரிசையாக நடந்தார். கையில் பூதக்கண்ணாடி. கன்றுகள் சுத்தமாக இருந்தன. பவானியும் மற்றப் பெண்களும் பின்னால் நடந்தார்கள். ஒவ்வொரு வரிசை முடியும்போதும் அவர்களின் மூச்சு எனக்குக் கேட்டது.

கடைசியில் வளவின் மூலைக்கு வந்தோம். நெருப்பிலிருந்து துளிர்த்த அந்தத் தேசி மரம். இப்போது ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, காய்த்துத் தொங்கியது. அரும்பு எடுப்பது இதிலிருந்துதான். நிபுணர் ஏணி கேட்டார். ஏறினார். உச்சிக் கொப்பு ஒன்றை வளைத்தார்.

இறங்கும்போது அவர் கையில் இலைகள் இருந்தன. அதே சொறி. புதியது, சின்னது.

எப்படி வந்திருக்கும் என்று கேட்டேன். மழைக் காற்றோடும் வரும், வெட்டுகிற கத்தியோடும் வரும் என்றார். இங்கிருந்து அங்கே போனதா, இரண்டு இடத்துக்கும் வேறெங்கிருந்தோ வந்ததா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். இந்த மரத்தையும், இதிலிருந்து கடைசியாக ஒட்டிய கன்றுகளையும் எடுத்துவிட்டால் போதும், மற்றவை நிற்கலாம் என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். அந்த மரம் என்னவென்று எனக்குத் தெரியும்.

பவானிதான் முதலில் பேசினார். “அந்த ஒரு கொப்பை மட்டும் வெட்டினால் காணாதோ? கேட்டுப் பாருங்கோ ரீச்சர்.”

“கேக்காதீங்க டீச்சர்” என்றார் லெட்சுமி. “அது போதாது.”

அவர் உள்ளே போய்க் கோடரி எடுத்து வந்தார். முதல் வெட்டை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அடி சாய்ந்த பிறகு பெண்கள் எல்லோரும் சேர்ந்து கொப்புகளை முறித்து அடுக்கி, கடைசியாக ஒட்டிய கன்றுகளையும் அதன்மேல் போட்டார்கள். மத்தியான வெயிலில் நெருப்பு கண்ணுக்கே தெரியவில்லை. காற்று மட்டும் அலைந்து நடுங்கியது. தேசி இலை எரிகிற மணம் வளவெல்லாம் நிறைந்தது. குசினியில் ஊறுகாய்க்குச் சூடு காட்டுகிற மணம் போல இருந்தது. அதனாலேயே எனக்கு அழுகை வந்தது.

லெட்சுமி அழவில்லை. நெருப்பு அணையும்வரை கோடரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிபுணர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி அவருக்குச் சற்றுத் தள்ளி நின்றார்.

வற்றாப்பளைப் பக்கம்

அதோடு விட்டிருக்கலாம். நிபுணரின் அறிக்கை போதும், நாற்றுமேடை தப்பிவிட்டது. ஆனால் அடுத்த கிழமை லெட்சுமி எனக்கு அழைப்பெடுத்தார். “முல்லைத்தீவுக்குப் போகணும். கூட வருவீங்களா?”

“அங்க எல்லாரும் தமிழ்தானே, நான் எதுக்கு?”

“சும்மா வாங்க. பக்கத்தில ஆள் நின்னா பயமில்லை.”

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கிய நேரம். வீடுகளில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று ஒரே கதையைச் சொன்னார். “நான்தாங்க பூவரசங்குளத்து லெட்சுமி. என் தாய்மரத்தில சொறி இருந்துச்சு. எரிச்சிட்டேன். உங்க மரத்துக்கு என்கிட்ட இருந்து வந்ததா தெரியலை, வந்திருக்கலாம். அதையும் எரிச்சிருங்க. அடுத்த மழைக்குப் புதுக் கன்று நானே கொண்டாந்து நட்டுத் தாறேன்.”

சிலர் ஏசினார்கள். ஒரு வயதான மனிசி தண்ணீர் கொடுத்தார். கடைசி வீட்டில் தவராசா என்பவர் நின்றார். வாட்ஸ்அப்பில் கேட்ட குரல் அவருடையது. வாயைத் திறந்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது.

“அந்தச் செய்தியைப் போட்டது நான்தான்” என்றார் அவரும். ஒளிக்கவில்லை. “நீங்கள் வந்து சண்டை பிடிப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

“சண்டைக்கு வரலைங்க. உங்க மரத்தைப் பார்க்க வந்தேன்.”

தவராசா தானே மண்வெட்டி எடுத்துவந்து மரத்தின் அடியில் வெட்டத் தொடங்கினார். லெட்சுமி கொப்புகளை இழுத்துக் குவித்தார். நெருப்பு மூட்டிய பிறகு தவராசா கைபேசியை எடுத்து, வாயருகே வைத்து, அதே குழுவுக்குப் பேசினார்: “இஞ்ச பாருங்கோ, அவா இப்ப என்ர வளவில நிக்கிறா. தன்ர மரத்தை எரிச்சுப்போட்டு, எங்கட மரத்தையும் பாக்க வந்து நிக்கிறா. நான் முந்திச் சொன்னதில பாதிதான் சரி. இதையும் எல்லாருக்கும் அனுப்புங்கோ.”

அறிக்கை

நிபுணர் புறப்பட முன் தன் அறிக்கையின் வரைவை எனக்குக் காட்டினார். அந்தச் சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. கன்றைப் பற்றிச் சொன்ன இடங்களில் ‘வளர்த்தார்’ என்ற பொருளில் ஒரு சொல். நோயைப் பற்றிச் சொன்ன இடங்களில் ‘பரவியது’ என்ற பொருளில் இன்னொரு சொல். இரண்டும் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் ஆங்கிலம்.

என் தொழிலில் எத்தனையோ மேசைகளில் இருந்திருக்கிறேன். பெரியவர்கள் கைகுலுக்கிப் படமெடுத்த மேசைகளும் உண்டு. பெருமைப்பட்ட இடத்தைச் சொல்லச் சொன்னால், நான் பேசாமல் இருந்த அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்வேன். அதைவிடப் பெருமை, அதற்குப் பிறகு லெட்சுமி சொன்ன பதில்.

திட்டம் மறுபடி கன்று கேட்டது. தேசி இப்போது தரமாட்டேன், வேறு இடத்துச் சுத்தமான மரத்தில் அரும்பெடுத்து, ஒரு மழை பார்த்துவிட்டுத் தருவேன் என்று லெட்சுமி சொன்னார். மாவும் மாதுளையும் ஏற்றி அனுப்பினார். அந்த மழை நன்றாகப் பெய்தது. சொறி வரவில்லை. வற்றாப்பளைப் பக்கத்துக் கிராமத்தில் சொன்னபடி கன்றுகளை நட்டுக் கொடுத்தார். பவானியும் கூடப் போனாராம்.

போன மாதம் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்தேன். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஓர் இளம் பெண். மடியில் பைக்குள் ஒரு தேசிக் கன்று. இலையொன்று என் கையில் உரசியது.

“நல்ல கன்றா இருக்கு. எங்க வாங்கினது?” என்றேன்.

“பூவரசங்குளத்தில அன்ரி. லெட்சுமி அக்காட்ட. வவுனியா ரவுணிலயே வாங்கியிருக்கலாம். ஆனா அவா சொறி வந்தெண்டு தன்ர மரத்தையே எரிச்ச மனிசி. அவாவின்ர கன்றெண்டால் நம்பி நடலாம் எண்டு அம்மா சொல்லி அனுப்பினவா.”

“அம்மாவுக்கு ஆர் சொன்னது?”

“தெரியேல்லை. எல்லாரும்தானே சொல்லினம்.”

கொண்டக்டர் வந்தார். பெண் கைப்பையைத் திறக்கச் சிரமப்பட்டாள். நான் எனக்கு லெட்சுமியைத் தெரியும் என்று சொல்லவில்லை. கையை நீட்டிக் கன்றை வாங்கி, அவள் ரிக்கற் எடுத்து முடிக்கும்வரை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.